அணைத்த பிறகு வரும் சத்தம்

"ஓடும்போது ஒண்ணுமே இல்லக்கா. ஆஃப் பண்ணி நிறுத்தினாத்தான் சத்தம் வருது" என்றான் இன்னாசிமுத்து.

தனபாக்கியம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே லாரியைப் பார்த்தாள். காலையிலிருந்து அது ஐந்தாவது வண்டி. மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை, முதுகு விட்டுப்போயிருந்தது. நாமக்கல்லில் திருச்சி சாலையில் அவளுடைய ஒர்க்‌ஷாப் இருந்தது. ஐடிஐயில் எலக்ட்ரீசியன் படித்துவிட்டு இருபத்திரண்டு வயதில் வயரைப் பிடித்தவள். இப்போது நாற்பத்தெட்டு. நான்கு வருடத்துக்கு முன்பு சரக்கு லாரி எல்லாவற்றிலும் 'துணைக்கை' கட்டாயம் என்று சட்டம் வந்தபோது, அதைத் தயாரிக்கும் கம்பெனியிடமிருந்து பழுது பார்க்கும் அனுமதியைச் சுற்றுவட்டாரத்தில் முதலில் வாங்கியவள் அவள்தான். ஸ்டீயரிங் எப்போதும்போல டிரைவர் கையில்தான் இருக்கும். ஆபத்து என்று தெரிந்தால் கண் இமைப்பதற்குள் துணைக்கை அதைத் தன் வசம் எடுத்துக்கொள்ளும். டிரைவர்கள் அதைச் சுருக்கமாக 'கை' என்பார்கள்.

"என்ன மாதிரி சத்தம்?"

"உள்ள யாரோ உக்காந்து ஓட்டிப் பாக்கற மாதிரி. இந்த வண்டிக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு. மத்தியானம் சாப்பிட்டுட்டு அரைமணி நேரம் சாஞ்சது கிடையாது. திண்டுக்கல்ல ரெண்டு பேருகிட்ட காட்டிட்டேன். ஏர் லீக்குன்னு சொல்லி ஓஸ் பைப்பை மாத்தி விட்டாங்க."

"ஆஃப் பண்ணுங்க, கேப்போம்."

எஞ்சின் நின்றது. இருவரும் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றார்கள். முதலில் டிக், டிக் என்று விட்டுவிட்டு ஒரு சத்தம்.

"இது சைலன்சர். சூடு ஆறும்போது தகடு சுருங்குது."

அடுத்து பின்னால் விர்ரென்று ஒரு சிறு மோட்டார் ஓடி நின்றது. குழாயில் மிச்சமிருந்த, புகையைச் சுத்தம் செய்யும் யூரியாக் கரைசலைப் பம்பு டேங்குக்கே இழுத்துக்கொள்கிறது என்றாள். அடியிலிருந்து புஸ்ஸென்று காற்று பீறிட்டுத் தரையில் ஈரம் தெறித்தது. ஏர் டிரையர் தண்ணீரைத் துப்புகிறது. "எல்லா வண்டியிலும் வர்றதுதான் இதெல்லாம்."

"இது இல்லக்கா. கொஞ்சம் பொறுங்க."

பத்து நிமிடத்துக்கு மேல் ஒன்றுமில்லை. தனபாக்கியம் அடுத்த வண்டிக்குப் போகத் திரும்பியபோது, முன்சக்கரத்துக்குள் டப்பென்று பிரேக் பிடித்தது. உடனே புஸ்ஸென்று விட்டது. ஸ்டீயரிங் மோட்டார் முனகியது. தரையில் டயர் கரகரவென்று தேய்ந்தது. கேபினுக்குள் ஸ்டீயரிங் வளையம் வலப்பக்கம் துடித்து, பிறகு இடப்பக்கம் திரும்பி, நின்றது.

அரை நிமிடம் போயிருக்கும். மறுபடியும் அதேபோல். டப், புஸ், முனகல் வலம், முனகல் இடம்.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நான்கு முறை கேட்டாள். நான்கு முறையும் ஒரே வரிசை, ஒரே நேரம். காற்றுக் கசிவோ லூசான கனெக்‌ஷனோ இப்படிக் கணக்காக வராது. ஜாக்கி வைத்து முன் அச்சைத் தூக்கினாள். தரையை விட்டதும் சக்கரங்கள் தங்கு தடையில்லாமல் திரும்பின. வலப்பக்கம் ஒரு வெட்டு, உடனே இடப்பக்கம் ஒரு வெட்டு. எதையோ சுற்றிக்கொண்டு போகிற வண்டியின் சக்கரம்போல.

"கைதான் இது" என்றாள். "வண்டி நின்னப்புறம் அது சும்மா இருக்காது. ஓட்டத்துல மோசமா போன நேரம் எதாச்சும் இருந்தா, அதை மனசுக்குள்ள திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்கும். இப்படிப் பண்ணியிருந்தா தப்பிச்சிருக்கலாமா, அப்படிப் பண்ணியிருந்தான்னு. ஒத்திகைன்னு பேரு. நல்ல வழி கிடைச்சா கம்பெனிக்கு அனுப்பும், அதையே விடாம ஓட்டிப் பாத்துக்கிட்டும் இருக்கும். கம்பெனி எல்லா வண்டிக்கும் அனுப்பும்."

"அதுக்கு வீலு எதுக்கு ஆடுது?"

"ஆடக் கூடாது. ஒத்திகை நடக்கும்போது ஸ்டீயரிங்கையும் பிரேக்கையும் துண்டிச்சு விடறதுக்கு ஒரு ரிலே இருக்கு. அது ஒட்டிப்போயிருக்கும்."

"தூங்கறவன் கைகாலை ஆட்டற மாதிரி."

அவள் லேப்டாப்பைக் கொண்டுவந்து இணைத்தாள். ரிலே ஒட்டியிருந்தது உண்மைதான். அந்தப் பழுதைப் பார்ப்பதற்காக, வழக்கமாக ஒர்க்‌ஷாப்காரர்களுக்குத் திறக்காத பக்கமும் திறந்தது. எந்த நிகழ்வின் ஒத்திகை என்று அதில் தேதி இருந்தது. போன தை மாதம், மாலை நான்கு மணி ஐந்து நிமிடம், தொப்பூர் கணவாய் இறக்கம்.

தனபாக்கியம் எழுந்து வண்டியின் முன்னால் போய் நம்பரைப் பார்த்தாள். கேபினுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். நம்பர் மாறவில்லை.

விபத்துக்குப் பிறகு அந்த வண்டிக்குச் சான்றிதழ் கொடுத்தவள் அவள்தான். தாவணகெரேயிலிருந்து கோழித்தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றி வந்த லாரி அது. கணவாயில் பழுதாகி நின்ற ஒரு வண்டிக்குப் பின்னால் எச்சரிக்கைக் கூம்பு வைத்துக்கொண்டிருந்த சாலைப் பணியாளர் மாதம்மாள் மீது மோதியது; அவர் அங்கேயே இறந்தார். ஓட்டி வந்தவன் வையாபுரி. தான் வலப்பக்கம் ஒடித்ததாகவும் வண்டி திரும்பவில்லை என்றும் அவன் போலீசிடம் சொன்னான். ஓட்டுநர் உறங்கிவிட்டார், துணைக்கை வண்டியை நேராக நிறுத்த முயன்றது என்று கம்பெனி அறிக்கை கொடுத்தது. தனபாக்கியம் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் சோதித்தாள். துணைக்கைக்குக் கம்பெனி அறிக்கையே போதும் என்று நினைத்து, மூன்றிலும் குறையில்லை என்று கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கும் வரிசையில் நிறைய வண்டிகள் நின்றிருந்தன.

இப்போது திரையில் வரி வரியாக இருந்தது. எதிர்வெயிலுக்கு வையாபுரி கண்ணைச் சுருக்கியிருக்கிறான். கேமரா அதைக் கண் மூடியதாக எடுத்துக்கொண்டது. அடுத்த நொடியில் அவன் பிரேக்கை ஒருமுறை மிதித்து, விட்டு, வலப்பக்கம் ஒடித்தான். உறங்குகிறவனின் கை இழுப்பு என்று முடிவு செய்த துணைக்கை, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு முழு பிரேக் போட்டது. பாரம் ஏற்றிய வண்டி இறக்கத்தில் நிற்கவில்லை.

அதற்குக் கீழே ஒத்திகைகள். முதல் பதினெட்டு நாளில் கிடைத்த வழி எதிலும் மாதம்மாள் பிழைக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் ஒரு வழி கிடைத்தது. ஒருமுறை பிரேக், விடு, வலம், உடனே இடம். வண்டி சாயவில்லை. யார் மீதும் படவில்லை. அந்த வழி எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் 'ஓட்டுநரின் மறுக்கப்பட்ட முயற்சி' என்று இருந்தது.

"இன்னாசி, கணவாயில இப்ப கை எப்படி இருக்கு?" என்று அவள் கேட்டாள்.

"முன்னாடி மாதிரி இல்லக்கா, நல்லா இருக்கு. மாசி மாசம் ஒரு புது வெர்ஷன் வந்துச்சே, அதுலேருந்து பிரேக்கை விட்டு ஒடிக்குது. அனுபவப்பட்ட டிரைவர் மாதிரி. ரெண்டு தடவ என்னையே காப்பாத்தியிருக்கு."

மாசியில் வையாபுரி சேலம் சிறையில் இருந்தான்.

சாயங்காலம் உரிமையாளர் ராக்கியண்ணன் வந்தார். அறுபத்தைந்து வயது. மூன்று லாரி வைத்திருந்தார். அவள் சொன்னதையெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார்.

"ரிலேயை மாத்தீட்டா சத்தம் நின்னுருமா?"

"நின்னுருமுங்க."

"அப்ப மாத்திக் குடு, பாக்கியம்."

"அண்ணா, வையாபுரி தூங்கலைங்க."

"காதுல விழுந்துச்சு." அவர் தலையைத் தடவிக்கொண்டார். "ரெண்டு நாளா ஓய்வில்லாம ஓட்டுனான்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தவன் நானு. அவன் மொத நாள் ராத்திரி தாவணகெரேயில நல்லாத் தூங்கீட்டுத்தான் கெளம்புனான். அப்படி எழுதுனாத்தான் வண்டி சீக்கிரம் வெளிய வரும்னாங்க. நீயும் ஒண்ணு எழுதிக் குடுத்தே. இப்ப ரெண்டு பேரும் போயி நாங்க சொன்னது தப்புங்கோணும். உனக்கு அந்தக் கம்பெனி அனுமதி இருக்குமா?"

"இருக்காதுங்க."

"அந்த அனுமதி இல்லாம இன்னைக்கு எந்த லாரி உன்ற ஒர்க்‌ஷாப்புக்குள்ள வரும்?"

ஒர்க்‌ஷாப்பில் நின்ற வண்டிகளை இருவரும் பார்த்தார்கள்.

"எனக்குத் தெம்பில்ல பாக்கியம்" என்று எழுந்தார். "ஒரு வாரம் வண்டி இங்கயே நிக்கட்டும். ரிலேயை மாத்த வேண்டாம். நானா எங்கயும் போயிச் சொல்ல மாட்டேன். ஆனா கூப்பிட்டுக் கேட்டாங்கன்னா பொய் சொல்ல மாட்டேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

அவர் போனதும் தனபாக்கியம் துணைக்கைப் பெட்டியைத் திறந்து அதன் சிம்மைக் கழற்றி எடுத்தாள். இனி கம்பெனியிலிருந்து எதுவும் அதற்குள் வரவும் முடியாது, அழிக்கவும் முடியாது.

மறுநாள் காலை புதன்சந்தைப் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்குப் போனாள். வையாபுரி அங்கே முட்டைகளை அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தான். நாற்பத்திரண்டு வயதுக்கு அதிகமாகவே நரைத்திருந்தது. ஆறு மாதத் தண்டனை முடிந்து வந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

"உங்களைத் தெரியுமுங்க. வண்டிக்கு எழுதிக் குடுத்தவங்க" என்றான். குரலில் கோபமில்லை.

அவள் நேராகவே சொன்னாள். திரையில் இருந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவன் கை முட்டை அடுக்குவதை நிறுத்தவேயில்லை.

"இல்லீங்க. நான் தூங்கீட்டேன்" என்றான் கடைசியில்.

"வையாபுரி, அதுலயே பதிவாயிருக்கு."

"மொதல்ல நானும் அப்படித்தான் சொன்னேன். ஒடிச்சேன், திரும்பலைன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. தூங்கறவனுக்கு ஒடிச்ச மாதிரி கனவு வரும்னு வக்கீல் சொன்னாரு. ஒத்துக்கிட்டா தண்டனை குறையும்னாரு. ஒத்துக்கிட்டேன். அப்புறம் உள்ள இருந்து யோசிக்க யோசிக்க அதுதான் நெசம்னு பட்டுருச்சு. எனக்கே தெரியாமத் தூங்கற ஆளு நான். எம்புள்ளையை வண்டியில பின்னாடி உக்கார வைக்கறதில்லீங்க. வூட்டுலேருந்து இங்க ஆறு கிலோமீட்டர், நடந்துதான் வர்றேன்." ஒரு அட்டை நிறைந்தது. அடுத்ததை எடுத்தான். "இப்ப வந்து தூங்கலைங்கறீங்க."

"தப்பு எம்மேலயும் இருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவன் முதன்முறையாக அவளைப் பார்த்தான். "ஆராச்சும் ஒருத்தர் இதை அப்பவே சொல்லியிருந்தா நான் அவங்க காலுல விழுந்திருப்பேன். இப்ப என்ன பண்றதுன்னு தெரியலீங்க."

"ஒருக்கா வந்து பாருங்க. பாத்துட்டு வேண்டாம்னா நான் ரிலேயை மாத்திடறேன்."

அடுத்த நாள் பத்து மணிக்கு வந்தான். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நடந்தே வந்திருக்கிறான். லாரியின் கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் ஏறினான். தனபாக்கியம் எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு அணைத்தாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"கையை ஸ்டீயரிங் மேல லேசா வைங்க. பிடிக்க வேண்டாம்."

காத்திருந்தார்கள். வெளியே யாரோ டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள். பதினோராவது நிமிடம் பிரேக் பிடித்து விட்டது. அவன் உள்ளங்கைகளுக்கு அடியில் வளையம் வலமாகத் திரும்பியது. அவனுடைய இடது தோள் அதோடு சேர்ந்து ஏறி இறங்கியது. வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடி மிதித்து விட்டது.

இரண்டாவது முறை வந்தபோது கையை எடுத்துவிட்டான். தன் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டீயரிங் தானாகத் திரும்பித் தானாக நின்றது.

"நான் ஒடிச்சதுதானுங்க இது" என்றான். "இவ்வளவுதான் ஒடிச்சேன். இதுக்கு மேல ஒடிச்சா பின்பாரம் தள்ளீரும்."

"ஆமா."

"இதுல அந்தம்மா?"

"வண்டி அவங்களுக்கு ஒரு முழம் தள்ளிப் போயிருது. கூம்புல ஒண்ணு மட்டும் விழுது."

"எத்தனை தடவ இப்படி ஓட்டியிருக்கு?"

"எட்டு மாசமா, வண்டி நிக்கற நேரமெல்லாம். லட்சத்துக்கு மேல."

வையாபுரி கண்ணாடி வழியே ஒர்க்‌ஷாப் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அத்தனை தடவையும் அந்தம்மா பொழச்சிருக்கு" என்றான். அதற்குப் பிறகுதான் அழுதான். சத்தமில்லாமல், வாயைத் திறந்தபடி, வெகுநேரம். தனபாக்கியம் இறங்கிப் போகவில்லை. தண்ணீர் பாட்டிலை மட்டும் அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

வையாபுரியின் மேல்முறையீடு தருமபுரியில் நடந்தது. அவள் தன் சான்றிதழைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்த மூன்றாம் நாள் கம்பெனி அனுமதியை ரத்து செய்தது. நான்காவது வாய்தாவில் நீதிபதி வண்டியையே கொண்டுவரச் சொன்னார். நீதிமன்ற வளாகத்தில் வேப்ப மரத்தடியில் அதை நிறுத்தி, முன் அச்சைத் தூக்கி வைத்து, அணைத்தார்கள். நீதிபதி, வக்கீல்கள், கம்பெனியிலிருந்து வந்த இரண்டு எஞ்சினீயர்கள், போலீஸ்காரர்கள், தங்கள் முறைக்குக் காத்திருந்த வேறு வழக்குக்காரர்கள் எல்லாரும் வெயிலில் நின்றார்கள். பத்து நிமிடம் காத்திருந்தார்கள். சக்கரம் திரும்பியபோது கூட்டத்தில் ஒருவர் மட்டும் முன்னால் வந்து குனிந்து பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிய, ஒடிசலான ஆள். மாதம்மாளின் கணவர் மாரப்பன்.

ராக்கியண்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் பொய் சொல்லவில்லை. கம்பெனி தன் தவறு என்று எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அன்றைய நிலையில் துணைக்கைக்கு இருந்த அறிவுக்கு அது சரியான முடிவு என்றும், அந்த நிகழ்விலிருந்து கற்றது இதுவரை பல உயிர்களைக் காத்திருக்கிறது என்றும் எழுதிக் கொடுத்தது. இரண்டும் பொய்யில்லை என்பதுதான் தனபாக்கியத்துக்கு ஆயாசமாக இருந்தது.

தீர்ப்பு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. தண்டனையை ரத்து செய்தார்கள். எழுத்தர் மேசைக்கு எதிரே நின்று கையெழுத்துப் போட்டு வையாபுரி தன் லைசென்சைத் திரும்ப வாங்கிக்கொண்டான். அதைப் பையில் வைக்கத் தோன்றாமல் கையிலேயே வைத்திருந்தான்.

வராந்தாவில் மாரப்பன் அவர்களிடம் வந்தார்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கணும்" என்றார் தனபாக்கியத்திடம். "எம் பொண்டாட்டி செத்ததாலதான் அந்தப் பொட்டி கத்துக்கிச்சின்னு அந்தக் கம்பெனிக்கார தம்பி சொல்லுது. அவ சாவலைன்னா கத்துக்கிட்டிருக்காதா?"

இந்தக் கேள்வியைத் தனபாக்கியமும் தனக்குள் பலமுறை கேட்டிருந்தாள்.

"கத்துக்க வேண்டிய தேவையே இல்லீங்க" என்றாள். "அது இவரு கையில ஏற்கெனவே இருந்துச்சு. அன்னைக்கு அந்த ஒரு நொடி அந்தப் பொட்டி இவரு கையை விட்டிருந்தாப் போதும்."

மாரப்பன் வையாபுரியின் கைகளைப் பார்த்தார். கோபமா, வேறு எதுவா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. "இத்தனை மாசமா உங்களைத் திட்டாத நாளில்ல" என்றார். "சோத்துல கை வைக்கும்போதெல்லாம் திட்டுவேன். தூக்கம் வராது."

"திட்டுங்க. எனக்கும் வர்றதில்ல" என்றான் வையாபுரி.

பிறகு மாரப்பன் பஸ் நேரத்தை யாரிடமோ விசாரித்தார். தொப்பூருக்குப் பக்கத்தில், கணவாய்க்குக் கீழே அவருடைய ஊர். பஸ் போய்விட்டிருந்தது.

"நாங்க அந்த வழியாத்தான் போறோம். வாங்க" என்றாள் தனபாக்கியம்.

அவளுடையது பதினேழு வருடத்துப் பழைய ஆம்னி வேன். துணைக்கை வருவதற்கு முன்பே ஓடத் தொடங்கியது. அவள் சாவியை எடுத்து டிரைவர் பக்கம் போனபோது மாரப்பன் வையாபுரியிடம் சொன்னார்: "லைசென்சு வந்திருச்சில்ல. நீங்க ஓட்டுங்க."

"வேணாமுங்க. அக்காவே ஓட்டட்டும்."

"நீங்க ஓட்டுங்க. நான் முன்னால உக்காந்துக்கறேன்."

வையாபுரி தனபாக்கியத்தைப் பார்த்தான். அவள் சாவியை நீட்டினாள். அவன் லைசென்சை ஒருவழியாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாவியை வாங்கினான். அவள் பின்சீட்டுக்குப் போனாள்.

தருமபுரியைத் தாண்டும்வரை நாற்பதுக்கு மேல் போகவில்லை. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திச் சென்றன. கணவாய் இறக்கம் தொடங்கும் இடத்தில் அவன் கழுத்து நரம்பு புடைத்திருப்பது பின்னாலிருந்து தெரிந்தது. சாலை வளைந்து வெயில் எதிரே வந்தது. அந்த இடம் வந்தது. புதிதாகப் போட்ட தடுப்புச் சுவர், ஓரத்தில் காய்ந்த சாமந்தி மாலை ஒன்று. வையாபுரி இரண்டாவது கியருக்கு மாற்றி, மெல்ல, மிக மெல்ல வளைவைக் கடந்தான்.

அந்த நேரத்தில்தான் தனபாக்கியம் கவனித்தாள். மாரப்பனின் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கணவாயில் எந்த இடத்தில் கண்ணை மூடினார் என்று தெரியவில்லை. சீரான மூச்சு வந்துகொண்டிருந்தது.

ஊருக்குப் பிரியும் சாலை முனையில் வையாபுரி வேனை ஓரங்கட்டினான். அவரைத் தொட்டு எழுப்பக் கையை எடுத்துவிட்டு, மறுபடி ஸ்டீயரிங் மேலேயே வைத்துக்கொண்டான்.

"எழுப்பலையா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

அவன் வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தான்.